எஃப்.சி. டயர்

சுந்தர்ராஜின் டயர் கடையில் விற்பனைக்கு இல்லாத டயர்கள் இரண்டு இருந்தன. முன்பு மூன்று இருந்தன.

கடை பழனிசெட்டிபட்டியில், கம்பம் ரோட்டின் மேலேயே இருந்தது. முன்பக்கம் காற்றடிக்கிற இயந்திரம், நடுவில் டியூப் ஒட்டுகிற மேசை, பின்சுவரில் கனத்த ஆணிகளில் அந்த இரண்டு டயர்கள். ஜீப்புக்கு உரியவை. பட்டன் என்று எல்லாரும் சொல்கிற மேல் ரப்பர்க் கட்டைகள் விரல்நுனி புதைகிற ஆழத்துக்கு நிமிர்ந்து நிற்கும். கடைக்குப் புதிதாக வருகிறவர்களின் கண் முதலில் அவற்றின் மேல்தான் போகும். "அது குடுக்கிறதுக்கு இல்லைங்க" என்று சுந்தர்ராஜ் சிரிப்பார்.

வருஷம் ஒரு முறை ஒவ்வொரு வண்டியையும் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஓட்டத் தகுதியானது என்று எஃப்.சி. சான்று வாங்க வேண்டும். அவர் மதுரையிலிருந்து தேனிக்குக் கேம்ப் வரும் நாளில், கம்பம் பள்ளத்தாக்கின் ஜீப்புகள் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையில் நிற்கும். மலைக்குக் கூலியாள் ஏற்றுகிற ஜீப்பில் டயர் நான்கு மாதம் தாங்கினால் அதிர்ஷ்டம். மொட்டை டயரோடு போனால் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ஜீப்காரர்கள் காலையிலேயே டயர் கடைக்கு வருவார்கள். தங்கள் மொட்டைகளைக் கழற்றிக் கடையில் சாத்திவிட்டு, இந்த டயர்களை முன்னால் மாட்டிக்கொள்வார்கள். பின்சக்கரங்களில் கொஞ்சம் சேறு பூசிக்கொள்வார்கள். மத்தியானத்துக்குள் எஃப்.சி. முடிந்து திரும்பி வந்து, இரவல் நகையைக் கழற்றிக் கொடுப்பதுபோலக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தங்கள் மொட்டைகளோடு போவார்கள். இன்ஸ்பெக்டர் பட்டனைத்தான் பார்ப்பார். பட்டனுக்கு உள்ளே இருப்பதை அவர் மட்டுமல்ல, யாருமே பார்க்க முடியாது.

உள்ளே இருந்தது பழைய கூடு. எந்த வண்டியில் ஓடியது, எத்தனை மழையில் நனைந்தது என்று சுந்தர்ராஜுக்கே மறந்துபோன கூட்டின்மேல் புது ரப்பரை ஒட்டி வேகவைத்து எடுத்த டயர்கள் அவை. டிஸ்க் என்கிற இரும்புச் சக்கரத்தோடு சேர்த்தே வைத்திருந்தார். நட்டைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. வேறு டயரோடு மாறிப்போகக் கூடாது என்று, கம்பியைக் காய்ச்சி ஒவ்வொன்றின் பக்கச்சுவரிலும் "சு" என்று சூடு போட்டிருந்தார். அந்தச் "சு" இருக்கிற டயரோடு மலை ஏறக் கூடாது என்பது பள்ளத்தாக்கில் ஜீப் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

அப்படித் தெரிந்தவர்களில் ஒருவர்தான் ஞானசிகாமணி. சுந்தர்ராஜின் அண்ணன், ஜெபராணியின் கணவர். மூன்றாவது டயர் அவர் ஜீப்போடு போனது.

இரண்டு வருஷத்துக்கு முன், எஃப்.சி. முடிந்து டயர்களைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, அவருடைய சொந்த டயர் ஒன்றில் நூல் தெரிந்தது. புது டயர் வாங்க அப்போது வழியில்லை. "இந்த மாசம் முடியட்டும், இது ஒண்ணு மட்டும் வண்டியில கெடக்கட்டும்" என்று தம்பியிடம் கேட்டார். தம்பி சரி என்றார். அந்த மாதம் முடியவில்லை. ஏலத்தோட்டத்து வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டிலிருந்து இறங்குகையில், ஒரு வளைவில் முன்சக்கரம் வெடித்து ஜீப் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. அவரும் இரண்டு கூலிப் பெண்களும் இறந்துபோனார்கள். மேலே மலையாளத்துச் சாராயக் கடையில் ஏற்றிக்கொண்டு ஓட்டினான் என்று ஊர் சொன்னது. சக்கரம் எதனால் வெடித்தது என்று யாரும் கேட்கவில்லை. சுந்தர்ராஜ் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் ஜெபராணியைக் கடையில் உட்கார வைத்தார். பிள்ளைகள் இரண்டு பேரின் பள்ளிக்கூடச் செலவும் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் தன் வீட்டிலேயே அவர்களுக்கும் சாப்பாடு போடுவார். ஜெபராணி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், டயரின் பக்கச்சுவரில் இருப்பதை வாசிக்கப் புருஷனிடமே கற்றிருந்தாள். கல்யாணமான புதிதில் அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டுக்கொண்டு அவளை வாசிக்கச் சொல்வார். 6.00-16 என்றால் ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல டிஸ்க். 6 பி.ஆர். என்றால் ஆறு அடுக்குத் துணியின் பலம். "ஆனா ஆறு அடுக்கு இருக்கும்னு நம்பிராத. நைலான்ல நாலு அடுக்கே ஆறோட வேலையப் பாக்கும். ரேயான் வேற. தண்ணி பட்டா ஊறிரும். ஊறுனா நூலு செத்துப்போகும்" என்பார். நைலான் டயரில் நைலான் என்றே இங்கிலீஷில் அச்சு இருக்கும். பின்சுவரில் தொங்கிய இரண்டிலும் அந்த அச்சு இல்லை. கடையில் உட்கார்ந்த முதல் நாளே ஜெபராணி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததைச் சுந்தர்ராஜிடம் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஓர் ஆவணியில் கேம்ப் வந்தது. அனுமந்தன்பட்டி ஒச்சாண்டி அன்று டயர்களை வாங்கிப் போனான். ஞானசிகாமணியை அண்ணே அண்ணே என்று சுற்றி வந்தவன். இப்போது அந்த ஊர்ப் பெண்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போவது அவன் ஜீப்தான்.

"அக்கா, மாப்பிள்ளைக்குப் புதுச் செருப்பு மாட்டியாச்சு. பொண்ணு பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டா மத்தியானமே கழட்டிர்றேன்" என்று ஜீப்பின் மூக்கில் தட்டினான்.

"கழட்டிட்டுத்தான் போகணும்" என்றாள் ஜெபராணி.

"நான் என்ன தூக்கிட்டா ஓடப்போறேன்?"

மத்தியானம் அவன் வரவில்லை. சாயந்திரமும் வரவில்லை. அவனுடைய இரண்டு மொட்டை டயர்களும் கடைச் சுவரில் சாய்ந்தே கிடந்தன. கடை அடைக்கும் நேரத்தில் கம்பத்துப் பக்கமிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர், ஒச்சாண்டி சின்னமனூரில் டீக் கடையில் நின்றதாகவும், நாளைக்கு லோடு இருக்கிறது, டயரைச் சாவகாசமாகக் கொண்டு வருகிறேன் என்று சொல்லச் சொன்னதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

சுந்தர்ராஜ் கேட்டுத் தலையாட்டிவிட்டுக் கதவுப் பலகையை எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு லோடுன்னா மலைக்கு" என்றாள் ஜெபராணி.

"ரெண்டு நாள்ல கொண்டாந்துருவான், மதினி."

"மலைக்குப் போட்டு ஓட்டக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லுவீக."

"சொல்லித்தான் குடுத்தேன். அவன் என்ன பச்சப் பிள்ளையா?"

"இவுகளும் பச்சப் பிள்ளை இல்ல" என்றாள்.

"இவுக" என்றால் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அந்தப் பேச்சு அவர்களுக்கு இடையில் வந்தது அதுதான் முதல் தடவை. சுந்தர்ராஜ் பலகையைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் பேசினார்.

"இப்ப என்ன செய்யச் சொல்றீக? நான் போயி ரோட்டுல நின்னு, என் டயர் வெடிக்கும், ஏறாதீகன்னு கத்தவா? நாளைக்குக் கடையில ஒருத்தன் காலு வைப்பானா? ஒங்களுக்குந்தான் சோறு இந்தக் கடையில இருந்து வருது."

சொன்ன பிறகு அவரே அதிர்ந்துபோனார். "அப்பிடிச் சொல்ல வரல, மதினி" என்றார்.

"தெரியும் தம்பி. சரியாத்தான் சொன்னீக" என்றாள் ஜெபராணி.

வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். ஜெபம் சொல்லப் படுக்கையருகே முழங்காலிட்டாள். கண்ணை மூடினால் சக்கரம்தான் சுற்றியது. பதினெட்டுப் பேர் ஏறுகிற ஜீப். ஏறும்போது ஒன்றும் ஆகாது, மெதுவாகத்தான் போகும். இறங்கும்போது பிரேக்கை மிதித்து மிதித்து டிஸ்க் கொதிக்கும். டிஸ்க் கொதித்தால் டயர் கொதிக்கும். எந்த வளைவில் எந்த நேரத்தில் என்று மட்டும்தான் தெரியாது. பக்கத்து வீட்டு ராஜமணியக்காவிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அனுமந்தன்பட்டியில் அவள் இறங்கியபோது வெளுக்கத் தொடங்கியிருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் வேப்பமரத்தடியில் ஜீப் நின்றது. பெண்கள் தூக்குவாளியும் பிளாஸ்டிக் தாளும் இடுப்பில் சுற்றிய சாக்குமாக ஒவ்வொருவராக வந்து கொண்டிருந்தார்கள். மலையில் அட்டை ஏறாமல் இருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிய நாற்றம் அடித்தது. ஒச்சாண்டி பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

ஜெபராணி நேரே போய் முன்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தாள். "சு" அவளைப் பார்த்தது. மறுபக்கம் போனாள். அங்கேயும் "சு".

"என்ன அக்கா, டயரக் காணாம ராவெல்லாம் தூங்கலயா? இதுக்குன்னு பஸ் ஏறி வந்தீகளா?" ஒச்சாண்டி சிரித்தான்.

"கழட்டு ஒச்சாண்டி."

"நாளைக்குக் கொண்டாரேன்னு சொல்லிவிட்டேனே."

"இன்னைக்குக் கழட்டிட்டு மலைக்குப் போ."

"கழட்டிட்டு எத மாட்ட? என் டயரு ரெண்டும் ஒங்க கடையில இல்ல கெடக்கு? இங்கன ஸ்டெப்னி ஒண்ணு இருக்கு. அதுல நூலு தெரியுது." தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் சக்கரத்தின் மேல் காலால் உதைத்தான். "பாருங்க, பட்டனப் பாருங்க. நாலு வருசமா இந்த வண்டிக்கு இப்பிடி ஒரு டயரு கெடைக்கல. நல்லதப் போட்டா ஓட்டாதேங்கிறீக."

"மேலதான் நல்லது. உள்ள செத்த நூலு. ஒனக்குத் தெரியும்."

"எல்லாரும் சொல்றதுதான். கடைக்காரக டயரு திரும்பி வரணும்ல, அதுக்குக் கட்டிவிட்ட கதை" என்றான்.

அந்த எச்சரிக்கை வெறும் கட்டுக்கதை என்றே அவன் உண்மையாக நம்பினான் என்று ஜெபராணிக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுடைய புருஷனும் ஒருவேளை அப்படியே நம்பியிருப்பார்.

பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்குள் வாட்டசாட்டமாக இருந்த ஒருத்தி முன்னால் வந்தாள். அவள்தான் அன்னத்தாய், ஆள் சேர்த்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஞானசிகாமணியின் ஜீப்பில் இறந்த பூமாரி அவள் கூடப்பிறந்த தங்கை. ஜெபராணியை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

"இது யாரு? தேனிக்காரம்மா இல்ல?" என்றாள். "ஏலே ஒச்சாண்டி, இந்தம்மா வண்டியத் தொட்டுச்சுன்னா இன்னைக்கு நான் ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

"நீங்க ஏறக் கூடாதுன்னுதான் நானும் வந்திருக்கேன்" என்றாள் ஜெபராணி.

"ஆத்தாடி! கேட்டீகளா? நல்ல வாக்கு, விடியக்காலத்துல!" அன்னத்தாய் மற்றவர்கள் பக்கம் திரும்பிக் கையை விரித்தாள். "ஒம் புருசன் குடிச்சிட்டு ஓட்டி எங்க பிள்ளையக் கொன்னான். இப்ப நீ வந்து டயரு சரியில்ல, ரோடு சரியில்லன்னு அளக்கிற. யாரு மேல பழியப் போடலாம்னு இம்புட்டு நாளு யோசிச்சியாக்கும்?"

"அந்த வண்டியிலயும் இதே டயருதான் இருந்துச்சும்மா."

"இருந்துச்சோ என்னவோ. எங்களுக்கு நேரமாகுது. ஏலத்தோட்டத்துல நேரத்துக்குப் போயி நிக்கலைன்னா கணக்குப்பிள்ள அரை நாள் கூலியத்தான் தருவான். நீ தருவியா மிச்சத்த? ஏறுங்கடி!"

சொல்லிக்கொண்டே அவள் பின்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து ஒரு காலை எடுத்து வைத்தாள். அந்தக் கால் ஜெபராணியின் முகத்துக்கு நேராக உயர்ந்தது. காலில் டயர்ச் செருப்பு. உள்ளங்கால் குழிவுக்குக் கீழே, தரையில் உரசாமல் தேய்வுக்குத் தப்பிய இடத்தில், காய்ச்சிய கம்பியால் சுட்ட ஒரு எழுத்து. பாதி வெட்டுப்பட்டிருந்தது. ஆனாலும் "சு"தான்.

கடையில் மொத்தம் மூன்றுதான் இருந்தன. இரண்டு அவள் கண்ணெதிரே அந்த ஜீப்பில் இருந்தன.

"நில்லுங்க. அந்தச் செருப்ப எங்க வாங்குனீக?" என்றாள்.

"செருப்பா?" அன்னத்தாய் திரும்பிப் பார்த்தாள். "வெளங்கும். டயரப் பத்திப் பேசி முடிச்சு இப்ப செருப்புக்கு வந்துட்டா."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு கிழவி மட்டும், "உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுல நல்லகண்ணு தைப்பான்ல, அவன்கிட்டத்தான். நாங்கெல்லாம் அவன்கிட்டத்தான் வாங்குவோம்" என்றாள். "ஆனா இந்தத் தடவ ஏமாத்திப்புட்டான். மத்தவுகளது ரெண்டு வருசம் ஒழைக்கும். இவளுது ரெண்டு மாசத்துல பிரிஞ்சுபோச்சு."

"வெங்காயத் தோலு மாதிரி ஒண்ணு ஒண்ணா உரியுது" என்று அன்னத்தாய் எரிச்சலோடு சொன்னாள். "கேட்டா, மெட்டு ரோட்டுல கெடந்து எடுத்தது, நான் என்ன செய்யன்னுட்டான். பட்டன் பக்கம் கிழிஞ்சு போயி வெறும் வாருதான் மிச்சம் இருந்துச்சாம், ஓரத்துச் சுவருலதான் வெட்டுனானாம்."

பூமாரி செத்ததும் அந்த மெட்டு ரோட்டில்தான். மெட்டு ரோட்டில் பட்டன் கிழிந்து கிடந்த ஒரு டயர். அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு ஜெபராணியைப் பார்த்தாள்.

"ஒரு தடவ காட்டுங்க" என்று ஜெபராணி கையை நீட்டினாள்.

அன்னத்தாய் ஏணிக் கம்பியிலிருந்து இறங்கி, ஒரு செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். ஜெபராணி அதன் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். ஒரு அடுக்கு எழும்பியது. இழுத்தாள். ரப்பரை விட்டு நூல் சத்தமில்லாமல் வந்தது, நனைந்த திரியைப்போல. இரண்டு விரலால் முறுக்கியதும் அறுந்தது. பக்கத்தில் நின்ற கிழவியின் செருப்பைக் காட்டி, "ஒங்களுதக் குடுங்க ஆத்தா" என்றாள். கிழவியும் கழற்றிக் கொடுத்தாள். அதில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஒச்சாண்டியிடம் நீட்டினாள். "நீ இழு. ஆம்பளைதான? இழுத்துப் பாரு."

அவன் இழுத்தான். விரலில் சுற்றிக்கொண்டு இழுத்தான். நூல் அவன் விரலை வெட்டியது. "இது நைலானு" என்று முணுமுணுத்தான்.

"இது சு" என்று ஜெபராணி அன்னத்தாயின் செருப்பைத் திருப்பிக் காட்டினாள். "அந்த ரெண்டும் சு. எங்க கடையில சூடு போட்டது மூணே மூணு. இதுல நூலு எப்பிடி இருக்குன்னு பாத்துட்ட. அந்த ரெண்டுக்குள்ளயும் எப்பிடி இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. பட்டனக் கேட்டா சொல்லாது."

முதலில் ஏறியிருந்த இரண்டு பெண்கள் சத்தமில்லாமல் இறங்கினார்கள்.

ஒச்சாண்டிக்குக் கோபம் வந்தது. "சரி, கழட்டிர்றேன். அப்புறம்? மொட்டை டயர மாட்டி ஓட்டுனா மட்டும் வெடிக்காதா?"

"மொட்டைன்னா மொட்டைன்னு ஒனக்குத் தெரியும். வளைவுல காலு தானா பிரேக்குல போகும். மெதுவா வருவ. இதுல நீ நேத்துச் சின்னமனூர்ல இருந்து எப்பிடி வந்த, சொல்லு?"

அவன் பறந்து வந்திருந்தான்.

அன்றைக்கு வண்டி போகவில்லை. கூலி போனதென்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி, "இந்தம்மா நாளைக்கு வந்திருக்கக் கூடாதா, சம்பளம் வாங்குற நாளாப் பாத்துத்தான் வரணுமா" என்று கேட்டாள். பதில் எதிர்பார்த்துக் கேட்டதல்ல. தூக்குவாளிகளோடு அவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒச்சாண்டி ஜாக்கியை வைத்து இரண்டு சக்கரங்களையும் கழற்றி ரோட்டோரம் உருட்டிவிட்டான். முன்னால் ஒன்றும் இல்லாமல், இரண்டு கல்லின் மேல் ஜீப் முட்டி போட்ட மாடுபோல உட்கார்ந்திருந்தது.

அன்னத்தாய் மட்டும் போகவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் இல்லாமலும் நின்றாள்.

"அப்ப அந்தாளு குடிக்கலயா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று ஜெபராணி இரண்டு வருஷம் காத்திருந்தாள். கேட்டால் சொல்வதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். இப்போது தெரிந்ததை மட்டும் சொன்னாள்.

"நான் கூட இல்லம்மா. வீட்டுல குடிச்சுப் பாத்ததில்ல. அன்னைக்கு மேல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. டயரு இதுதான். அது மட்டும் தெரியும்."

அன்னத்தாய் மற்றச் செருப்பையும் கழற்றினாள். இரண்டையும் சேர்த்து ஜெபராணியின் கையில் திணித்தாள். "என் தங்கச்சியக் கொன்னதக் காலுல மாட்டிக்கிட்டு அதே மலைக்கு ஏறி எறங்கியிருக்கேன்" என்றாள். "கொண்டு போ. ஒங்க கடைக்காரர்கிட்டக் குடு." பிறகு வெறுங்காலோடு ஊருக்குள் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தேனி பஸ்ஸின் கூரையில் சக்கரங்களை ஏற்றக் கண்டக்டர் முனகினார். பழனிசெட்டிபட்டியில் இறக்கும்போது சுந்தர்ராஜ் கடையிலிருந்து ஓடி வந்தார். "மதினி, நீங்க எதுக்கு? நானே இன்னைக்குப் போகணும்னுதான்..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சக்கரங்களைக் கடைக்குள் உருட்டினார்கள். ஜெபராணி டியூப் ஒட்டுகிற மேசையில் செருப்பு இரண்டையும் வைத்தாள். எழுத்து மேலே பார்க்கும்படி வைத்தாள்.

சுந்தர்ராஜ் கட்டைவிரலால் அந்த எழுத்தின் மேல் ஒரு முறை தடவினார். கம்பியைக் காய்ச்சி அதை எழுதியது அந்தக் கைதான்.

"அண்ணன் ஒரு மாசந்தான் கேட்டாக" என்றார். "கழட்டிக் குடுத்துட்டுப் போங்கன்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லியிருந்தா, புது டயரு நான்தான் வாங்கிக் குடுக்கணும். அதுக்குப் பயந்து..."

"எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி."

"தெரிஞ்சுமா என் கடையில வந்து உக்காந்தீக?"

"வேற எங்க போயி உக்கார?" என்றாள் ஜெபராணி. "அதப் பெறகு பேசலாம். இப்ப ரெண்டையும் அறுங்க."

டிஸ்க்கிலிருந்து பிரித்தார். டயரின் விளிம்புக்குள் ஓடுகிற கம்பியில் கத்தி ஏறவில்லை. ரம்பம் எடுத்தார். அவள் எதிரே உட்கார்ந்து, பாதத்தால் டயரை மிதித்துக்கொண்டாள். காலை முழுக்க ரம்பம் இழுத்தார். வந்தவர்களிடம் இன்றைக்குக் காற்று மட்டும்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் டயர் திறந்தபோது உள்ளே சாம்பல் பூத்த நூல் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. சுந்தர்ராஜ் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது டயரில் ஒரு கேடும் இல்லை. அடுக்குகள் ஒட்டிப்போய், இழுத்தால் வராமல், கெட்டியாக இருந்தன. இன்னும் நான்கு மாதம் மலை ஏறியிருக்கும்.

"நல்லதையும் சேத்து அறுத்துட்டோம்" என்றார் சுந்தர்ராஜ்.

"வெளிய இருந்து தெரியலையே தம்பி."

அந்த நல்ல டயரை நல்லகண்ணுவிடம் அனுப்பி, அன்னத்தாய்க்கு ஒரு ஜோடி தைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அவள் வாங்க மறுத்துவிட்டதாக நல்லகண்ணு சொல்லி அனுப்பினான்.

அடுத்த கேம்ப் நாளில் மூன்று ஜீப்காரர்கள் வந்தார்கள். பின்சுவரில் வெறும் ஆணிகளைப் பார்த்தார்கள். "எங்க அண்ணாச்சி, டயரு?" என்றார்கள். இல்லை என்றார் சுந்தர்ராஜ். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொன்னார். ஒருவர் கேட்டுக்கொண்டு தலையசைத்தார். மற்ற இருவரும் ரோட்டுக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்த கடைக்குப் போனார்கள். சிறிது நேரத்தில் அந்த ஜீப்புகள் இரண்டும், முன்னால் நிமிர்ந்த பட்டனும் பின்னால் பூசிய சேறுமாகக் கேம்ப்பைப் பார்த்துப் போயின.

மத்தியானம் ஒரு ஜீப் திரும்பி வந்து எதிர்க்கடையில் நின்று டயர்களைக் கழற்றியது. இன்னொன்றை ஜெபராணி எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்த பிறகு அது வந்தது. வேகம் குறையவில்லை. எதிர்க்கடையைப் பார்க்கவும் இல்லை. கம்பம் ரோட்டில் நேரே வந்தது.

அவள் மேசையடியில் கையை விட்டு அன்னத்தாயின் அந்தப் பழைய செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். சுந்தர்ராஜ், "மதினி, வேணாம்" என்று சொல்லிக்கொண்டே, தானும் எழுந்தார்.

ஜெபராணி ரோட்டில் இறங்கி, கையை நீட்டி, நடுவில் நின்றாள்.